குமரி மாவட்டத்தில் இருந்தபடியே இண்டஸ்ட்ரியல் டிசைன் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பிள்ளை "டிசைன் படிக்கணும்" என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒரு சாஃப்ட்வேரின் பெயர்தான். நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையம், சில மாத வகுப்பு, முடிவில் லேப்டாப் திரையில் சுழலும் ஒரு பளபளப்பான கார். அந்தக் காரின் கதவுக் கைப்பிடியை எந்தப் பொருளில் வார்ப்பாய், அச்சிலிருந்து எந்தப் பக்கமாகக் கழற்றுவாய் என்று கேட்டால் மௌனம்தான்.

இண்டஸ்ட்ரியல் டிசைன் என்பது தொழிற்சாலையிலோ பட்டறையிலோ செய்யும் அன்றாடப் பொருள்களுக்கு வடிவம் கொடுக்கும் வேலை. இந்த வழிகாட்டி அதைக் கற்கும் வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் வீட்டுப் பொருள், அடுத்து பட்டறை, அப்புறம் பென்சில். கம்ப்யூட்டர் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். ஒரு பொருளின் வடிவத்தில் பெரும்பகுதியை முடிவு செய்வது அதைச் செய்யும் முறை. மீதியை அதைப் பிடிக்கப்போகும் கை முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் திரையில் கற்க முடியாது. ரப்பர் தோட்டமும் ஃபைபர் வள்ளமும் தேன்பெட்டியும் ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பெங்களூரு மாணவர் ஃபேக்டரி விசிட்டுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் நேரத்தில், நீங்கள் குலசேகரம் போய்த் திரும்பிவிடலாம்.

முதல் படி: வீட்டுப் பொருள்களின் தழும்புகளைப் படியுங்கள்

குளியலறை வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகத்தின் நடுவில் சிறு புள்ளி ஒன்று, சற்றுத் துருத்திக்கொண்டோ வெட்டி எடுத்த அடையாளமாகவோ இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. இந்த முறைக்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்று பெயர். அச்சு இரண்டு பாதிகளாக மூடும், உருகிய பிளாஸ்டிக் அழுத்தத்தோடு உள்ளே பாயும், குளிர்ந்ததும் பாதிகள் பிரியும். பிரியும்போது பொருள் சிக்காமல் வழுக்கி வர வேண்டும் என்பதால் சுவர்கள் நேராக நிற்காது, ஓரிரு டிகிரியாவது சாய்ந்திருக்கும். வாளி மேலே அகன்று கீழே குறுகுவதற்கு இது ஒரு காரணம். கடையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம் என்பது இன்னொன்று.

இப்போது பிளாஸ்டிக் குடத்தை எடுங்கள். வயிறு பெருத்து, கழுத்து சிறுத்திருக்கிறது. உள்ளே ஒரு அச்சுப் பாதி இருந்திருந்தால் அது அந்தக் கழுத்து வழியாக வெளியே வந்திருக்க முடியாது. ஆகவே குடம் ஊதிச் செய்யப்படுகிறது. சூடான பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொங்கும், இரண்டு பக்கமும் அச்சு வந்து கவ்வும், உள்ளே காற்று ஊதப்படும், குழாய் பருத்து அச்சின் சுவரில் ஒட்டும். கவ்விய இடத்தில் குழாயின் அடி நசுங்கி மூடிக்கொள்ளும். குடத்தின் அடியில் கோடு போல ஒரு தழும்பு தெரிகிறதே, அது அதுதான். பழைய குடம் ஒழுகத் தொடங்கும்போது முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

மாடித் தண்ணீர்த் தொட்டி மூன்றாவது வகை. அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைக் கொட்டி, சூடாக்கியபடி மெதுவாகச் சுழற்றுவார்கள். பொடி உருகிச் சுவரில் படியும். பெரிய அழுத்தம் எதுவும் இல்லை, அச்சும் ஒப்பீட்டளவில் மலிவு, ஆனால் ஒரு தொட்டிக்கு ஆகும் நேரம் அதிகம்.

எவர்சில்வர் டம்ளர் எப்படி? வட்டமாக வெட்டிய தகட்டை ஒரு குழிக்குள் அழுத்தி இழுப்பார்கள். ஒரே இழுப்பில் போகக்கூடிய ஆழத்துக்கு எல்லை உண்டு. தகட்டின் விட்டம் டம்ளரின் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டினால் அடி கிழிந்துவிடும். அதனால்தான் உயரமான பாத்திரங்களை இரண்டு மூன்று தடவையாக இழுக்கிறார்கள்.

இந்த எல்லாவற்றிலும் விளிம்பை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாளியின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். டம்ளரின் வாய் சுருண்டிருக்கும். ரப்பர் கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி விடப்பட்டிருக்கும். பொருள் வேறு, செய்முறை வேறு, ஆனால் வேலை ஒன்றுதான்: மெல்லிய எதுவும் விளிம்பில்தான் முதலில் வளையும் அல்லது கிழியும். இப்படி ஒரே தீர்வு வெவ்வேறு வேடத்தில் வருவதைக் கண்டுபிடிக்கத் தொடங்கினால் கண் பழகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு பொருள். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் அதையும் குறியுங்கள், அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும்: 1 என்றால் பெட் (PET), 2 ஹெச்.டி.பி.ஈ, 3 பி.வி.சி, 4 எல்.டி.பி.ஈ, 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி என்றால் இன்னொரு குறிப்பும் எழுதலாம். அந்த வெள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலக்கனிமங்களில் ஒன்றான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கிறது. அதே கடற்கரையின் மோனசைட் என்ற கனிமத்தை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டதும் ஒரு வீட்டுப் பொருளுக்காகத்தான். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் ஒளிரும் வலைப்பையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது, அது மோனசைட்டில் இருந்தது. ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

இரண்டாம் படி: கழற்றுங்கள், அளவெடுங்கள்

தேவையான கருவிகள் குறைவு: ஒரு வெர்னியர் காலிபர், சமையலறைத் தராசு, ஸ்க்ரூ டிரைவர் செட், பழைய தாம்பாளம். பழுதான மிக்ஸி கிடைத்தால் அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், எடை போட்டு வாங்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டும்: மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய் டிவியையும் தொடாதீர்கள். மின்சாரம் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

கழற்றும் வரிசையிலேயே பாகங்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன பொருள், எந்த முறையில் செய்தது, எடை, பக்கத்துப் பாகத்தோடு எப்படி இணைகிறது. நான்காவதுதான் முக்கியம். எத்தனை ஸ்க்ரூ, எத்தனை கிளிப், எத்தனை இடத்தில் பசை? ஸ்க்ரூ என்றால் பழுது பார்ப்பவரை நினைத்திருக்கிறார்கள். ஒரு தடவை மாட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத கிளிப் என்றால் அவரை மறந்துவிட்டார்கள், அல்லது நினைத்தே ஒதுக்கியிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் உடலின் சுவர் கனத்தைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே அளவாக, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஓர் இடம் மட்டும் தடித்திருந்தால் அது மெதுவாகக் குளிர்ந்து, சுருங்கி, வெளிப்பக்கம் குழி விழும். வலு வேண்டிய இடத்தில் சுவரைத் தடிக்க வைக்காமல், உள்ளே மெல்லிய விலா எலும்பு மாதிரி பட்டைகள் கொடுத்திருப்பார்கள். பட்டையின் கனம் சுவரின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். அதற்கு மேல் போனால் மறுபடியும் குழிதான். மிக்ஸியின் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சில மலிவு மாடல்களில் பட்டை ஓடும் இடமெல்லாம் வெளியே தெரியும்.

மூன்றாம் படி: மூன்று செய்முறைகளை நேரில் பாருங்கள்

இந்தப் படிக்கு அவசரம் வேண்டாம்.

*ரப்பர்.* குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் யார் தோட்டத்திலாவது விடியற்காலை பால் வெட்டிலிருந்து தொடங்குங்கள். சிரட்டையில் விழும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். பாலை நீர் சேர்த்து இளக்கி, ஃபார்மிக் அமிலம் கலந்து, தட்டில் உறைய விட்டு, உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். கடைசி உருளையில் மட்டும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஷீட்டில் விழும் அந்தக் கோடுகளை அழகுக்கென்று நினைப்பவர்கள் உண்டு. பரப்பு கூடினால் புகைப்புரையில் சீக்கிரம் காயும், அடுக்கினாலும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாது. செய்முறையின் தேவை எப்படி ஒரு பொருளின் முகமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை.

கையுறையும் பலூனும் வேறு வழி. பீங்கான் கை ஒன்றைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, உலர்த்தி, பிறகு கலவை சேர்த்த ரப்பர் பாலில் முக்குவார்கள். உப்புப் பட்ட இடத்தில் பால் உறைந்து ஒட்டும். எவ்வளவு நேரம் முக்குகிறார்கள், எவ்வளவு நிதானமாக எடுக்கிறார்கள் என்பதில்தான் கனம் இருக்கிறது. அப்புறம் விளிம்பைச் சுருட்டி, கழுவி, சூட்டில் வைத்து கந்தகத்தோடு இறுகச் செய்வார்கள். கந்தகத்தின் வேலையை 1839ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திராவிட்டால் ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தும் குளிரில் விறைத்தும் யாருக்கும் பயன்படாமல் போயிருக்கும்.

*ஃபைபர் வள்ளம்.* குளச்சல், முட்டம், சின்னமுட்டம் கரையில் வள்ளம் கட்டுவதையோ ஒட்டுப்போடுவதையோ பார்க்கலாம். மெருகேற்றிய அச்சில் மெழுகு தேய்த்து, முதலில் நிறத்தோடு கூடிய ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சு, அதன்மேல் கண்ணாடி இழைப் பாய், அதன்மேல் இறுகும் பிசினான ரெசின், உருளையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி பாய், மறுபடி ரெசின். வள்ளத்தின் வெளிப்புறம் வழுவழுப்பாகவும் உட்புறம் இழை தெரிய சொரசொரப்பாகவும் இருப்பது ஏன் என்று இனி உங்களுக்கே புரியும்: அச்சைத் தொட்ட பக்கம் மட்டுமே பளபளக்கும். இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில்தான் வலு. பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் போடுங்கள். ரெசினை இறுக வைக்கும் இரண்டு திரவங்களான ஹார்டனரையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். இதைப் பட்டறையில் வேலை பார்க்கும் எந்த அண்ணனும் முதலில் சொல்லுவார்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கைகளை அண்ணாந்து பாருங்கள். அவையும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். அளவும் துல்லியமும் வேறு, அடிப்படை ஒன்று.

வள்ளத்துக்கு நம் மாவட்டத்தில் ஒரு டிசைன் வரலாறே உண்டு. கட்டுமரத்துக்கேற்ற மரம் அரிதாகி விலையும் ஏறியபோது, 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியேர் ஜிலே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து மரைன் பிளைவுட் வள்ளங்களை உருவாக்கினார். துறைமுகம் இல்லாத கரை. அலையை உடைத்து ஏற வேண்டும், திரும்பி வந்து மணலில் மோதி இறங்க வேண்டும், நாலு பேர் தள்ளக்கூடிய எடையில் இருக்க வேண்டும். இப்படி ஒன்றோடொன்று முரண்படும் தேவைகளுக்கு நடுவே வழி தேடுவதுதான் இந்தத் துறையின் அன்றாடம்.

*தகடும் இரும்பும்.* மூன்றாவதற்குத் தூரம் போக வேண்டாம். வெட்டுக்கத்தி அடிக்கும் கொல்லன் பட்டறை, கோணம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை, உங்கள் தெருவில் கேட் செய்யும் வெல்டிங் கடை, எது கிடைத்தாலும் சரி. போகும்போது இரண்டு விஷயம். ஒன்று, வேலை நெருக்கடி இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். இரண்டு, "இது எப்படிச் செய்யறீங்க" என்று கேட்பதைவிட "எது அடிக்கடி கெட்டுப்போகும்ணே" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு விளக்கம் கிடைக்கும், இரண்டாவதற்கு அனுபவம் கிடைக்கும்.

நான்காம் படி: கையால் வரையுங்கள்

அழகாக வரையத் தெரியாது என்று பின்வாங்குபவர்கள் அதிகம். இங்கே வேண்டியது தெளிவு. ஒரு செம்பை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து அளவோடு வரையுங்கள், பிறகு நடுவில் வெட்டினால் எப்படித் தெரியும் என்று வெட்டுத் தோற்றம் ஒன்று. இந்தியாவில் பொறியியல் படங்களுக்குப் பழக்கத்தில் இருப்பது முதல் கோண முறை, அதாவது மேலிருந்து பார்த்த தோற்றத்தை முன் தோற்றத்துக்குக் கீழே வரையும் முறை. பாலிடெக்னிக் படித்த அண்ணனோ அக்காவோ ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

செம்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1958ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் மிக உயர்வாகப் பேசிய பொருள் லோட்டா, அதாவது நம் செம்பு. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் எடை எங்கே நிற்கிறது, இடுப்பிலோ தலையிலோ எப்படி அமர்கிறது, ஊற்றும்போது எப்படி வருகிறது, கழுவ எளிதா, என்ன விலை என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளை எந்தப் பொருளிடமும் கேட்கலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. வந்தது.

ஐந்தாம் படி: ஒரு தேன்பெட்டி செய்யுங்கள்

முதல் சொந்த வேலைக்கு மொபைல் ஸ்டாண்டும் பேனா வைக்கும் டப்பாவும் வேண்டாம், யாருக்கும் அவற்றில் பிரச்சினை இல்லை. மார்த்தாண்டம் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு என் சிபாரிசு தேன்பெட்டி.

1851ல் அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளரான லாங்ஸ்ட்ராத் ஒன்றைக் கவனித்தார். தேனீ நடமாட விடும் இடைவெளிக்கு ஓர் அளவு உண்டு, அங்கு ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். இடைவெளி அதைவிடக் கூடினால் தேனீ அங்கேயே அடை கட்டிவிடும், குறைந்தால் நுழையாது. அந்த அளவைக் காப்பாற்றினால் அடையைத் தாங்கும் மரச்சட்டங்களை வெட்டாமல், உடைக்காமல் வெளியே எடுக்கலாம். நவீனத் தேன்பெட்டி முழுவதும் இந்த ஓர் அளவின் மேல் நிற்கிறது. நம் இந்தியத் தேனீ உருவில் சிறியது, அதற்கு இடைவெளியும் பெட்டியும் சிறிதாக வேண்டும். 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தைத் தொடங்கி தேனீ வளர்ப்பைப் பரப்பிய நாளிலிருந்து இங்கே பெட்டி செய்யும் பழக்கம் தொடர்கிறது. 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வேலை இப்படிப் போகட்டும். தேனீ வளர்ப்பவர் ஒருவரின் பெட்டியை அவர் அனுமதியோடு, காலியான பெட்டியாகப் பார்த்து, அளவெடுத்து வரையுங்கள். அவர் பெட்டியைத் திறந்து மூடுவதை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாருங்கள். எங்கே குனிகிறார், எங்கே கை மாற்றுகிறார், எந்தப் பலகை மாட்டிக்கொள்கிறது? ரப்பர் புதுத்தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பருகே சுரக்கும் மதுதான் நம் ஊர்த் தேனின் பெரும்பகுதி. அந்தப் பருவத்தில் போனால் பெட்டியின் முழு வேலையும் தெரியும்.

பிறகு அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி, குறை கண்டு இன்னொன்று, அப்புறம்தான் மரம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில் ஈரத்தில் ஊதும். தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில், கோடையில் கச்சிதமாகப் பொருந்திய மூடி ஜூனில் திறக்க வராது. எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். டாலரன்ஸ் என்று வகுப்பில் பாடம் நடத்துகிற விஷயம் இதுதான்.

ஆறாம் படி: எத்தனை வேண்டும் என்று கேளுங்கள்

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் இன்ஜெக்‌ஷன் அச்சுக்கு 4 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் எண்ணிக்கை செய்தால் ஒன்றின் தலையில் ஏறும் அச்சுச் செலவு 4 ரூபாய். ஆயிரம் மட்டும் என்றால் 400 ரூபாய். அதே பொருளை ஃபைபரிலோ மரத்திலோ மடித்த தகட்டிலோ செய்தால் அச்சுச் செலவு மிகக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூலி கூடும். ஆகவே எண்ணிக்கை தெரியாமல் செய்முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, செய்முறை தெரியாமல் வடிவத்தை முடிவு செய்யக் கூடாது. திரையிலிருந்து தொடங்குபவர்கள் சறுக்கும் இடம் இது.

ஏழாம் படி: இப்போது கம்ப்யூட்டர்

பொருள்களை முப்பரிமாணத்தில் வரையும் சாஃப்ட்வேர்களில் ஃப்ரீகேட் இலவசம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ஃப்யூஷனுக்குத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. ஏற்கெனவே கையால் அளந்து வரைந்த மிக்ஸி மூடியையும் தேன்பெட்டியையும் அதில் வரையுங்கள், புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். த்ரீ டி பிரிண்டர் கிடைத்தால் நல்லது. அதில் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் செய்தது ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகும் என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிரிண்ட் செய்ய முடிகிற எல்லாவற்றையும் அச்சில் வார்க்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: படிப்பும் பதிவும்

பட்டப்படிப்பு வேண்டும் என்றால் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வை எழுதலாம். பொதுவாக ஜனவரியில் நடக்கும், வரைதல் பகுதியும் உண்டு. ஏற்கெனவே பொறியியல் போன்ற பட்டம் முடித்தவர்களுக்கு முதுநிலைக்கு சீட் (CEED) என்ற தேர்வு. என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. இவற்றில் இடம் குறைவு, கட்டணமும் குறைவில்லை. வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்காவிட்டால் இன்னொரு கதவு இருக்கிறது, அதை நான் இரண்டாந்தரமாக நினைக்கவில்லை. சென்னை கிண்டியில் 1968லிருந்து இயங்கும், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் (CIPET) பத்தாம் வகுப்புக்குப் பின் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ உண்டு. கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. அச்சு செய்யத் தெரிந்து, டிசைனும் புரிந்தவர் எந்தக் கம்பெனியிலும் அபூர்வம்.

நேர்காணலுக்குப் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். பத்து வேலையைப் பத்துப் பக்கத்தில் காட்டுவதைவிட ஒரு தேன்பெட்டியைப் பத்துப் பக்கத்தில் காட்டுங்கள்: பார்த்தது, அளந்தது, அட்டை மாதிரிகள், சரிவராதது, மாற்றியது.

செய்த பொருளின் தோற்றம் உண்மையிலேயே புதிது என்று தோன்றினால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. இந்தப் பதிவு தோற்றத்தைத்தான் காக்கும். பொருள் வேலை செய்யும் விதத்துக்கு உரிமை வேண்டும் என்றால் அதற்குக் காப்புரிமை, அது தனி விண்ணப்பம். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: விண்ணப்பிப்பதற்கு முன் பொருள் பொதுவெளிக்கு வந்துவிட்டால் புதுமை போய்விட்டதாகக் கருத இடமுண்டு. எனவே கண்காட்சி, சந்தை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு.